நெட் வரலை, பூட்டு தொங்குது

காலை ஒன்பதரைக்கு எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டால் நெட் வரவில்லை. பதினொரு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. அதுவும் அதே கம்ப்யூட்டரில், அதே நெட் வழியாக. கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளையைக் காணோம் என்றால் பெண் வீட்டுக்காரர்களுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் எனக்கு இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நான் சம்பாதித்தவள். சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், டெஸ்டிங் லைனில், ஏழு வருஷம் நின்றேன். நின்றேன் என்றால் நிஜமாகவே நின்றேன். அங்கே நாற்காலி கிடையாது. பெண் வயிற்றில் வந்ததும் விட்டேன். அவள் இப்போது நாலாம் வகுப்பு. நடுவில் எத்தனையோ முறை திரும்பிப் போகப் பார்த்தேன். ஷிப்ட் ஒத்து வரவில்லை, வயது ஒத்து வரவில்லை, "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டுவிட்டு அப்புறம் கூப்பிடவே இல்லை. கடைசியாக இந்த வேலை கண்ணில் பட்டது. கன்டெய்னர் லாரிகளைக் கவனிக்கும் ஒரு கம்பெனி. டிரைவர்கள் போன் செய்வார்கள். எந்த கேட்டில் நிற்க வேண்டும், எந்தக் காகிதம் காட்ட வேண்டும் என்று வீட்டிலிருந்தபடியே சொல்ல வேண்டும். எனக்குப் பேசச் சம்பளம் என்றால் கசக்குமா? டைப்பிங் பரீட்சையில் தேறிவிட்டேன். மிச்சம் இந்த ஒரு இன்டர்வியூதான். சொந்தக் கம்ப்யூட்டரும் தடங்கல் இல்லாத இணையமும் இல்லாதவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இன்டர்வியூவின்போதே வீட்டு நெட்டின் வேகத்தையும் பார்ப்பார்களாம்.

என் கணவர் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த வாரம் அவருக்கு செகண்ட் ஷிப்ட். மதியம்தான் வண்டி ஏறுவார். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக மெயின்டெனன்ஸ். நின்றுபோன மெஷினை ஓட வைப்பதுதான் பிழைப்பு. வீட்டில் இப்படி ஒரு ஆள் இருக்கும்போது எனக்கென்ன கவலை என்று எழுப்பினேன்.

"இன்னாங்க, நெட் வரல."

"வரலன்னா இன்னா? கேபிளா, ரௌட்டரா, சிஸ்டமா?"

"அது தெரிஞ்சா உங்கள ஏன் எழுப்பறேன்?"

எழுந்தார். முகம் கழுவினார். காபி கேட்டார். அப்புறம் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நோட்டைப் பார்த்ததும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் நோட்டை எடுத்தால் காரியம் சீக்கிரம் முடியாது.

"நேத்து ஓடிச்சா?"

"ராத்திரி ஒம்போது மணி வரைக்கும் ஓடிச்சு."

"இன்னைக்கு ஓடல. அப்போ நடுவுல இன்னா மாறிச்சு?"

கம்பெனியில் எந்த மெஷின் நின்றாலும் இவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஆள் மாறினானா, மெஷின் மாறியதா, பொருள் மாறியதா, செய்யும் முறை மாறியதா? நாலு கட்டம் போட்டு எழுதுவார்கள். இவரும் நோட்டில் நாலு கட்டம் போட்டார்.

"ஆள் மாறிச்சா?"

"எங்க மாறுது? பதினோரு வருஷமா அதே ஆள்தான் எதிர்ல உக்காந்துகினு கீது."

அவர் சிரிக்கவில்லை. வேலை என்று வந்துவிட்டால் அவருக்குக் காது பாதி மூடிக்கொள்ளும். "சிஸ்டத்துல எதையாவது நோண்டினியா?" என்றார். இன்டர்வியூவில் பின்னால் அழுக்காகத் தெரியக் கூடாதே என்று முந்தின நாள் மேஜையைத் துடைத்ததைச் சொன்னேன். உடனே முறை என்ற கட்டத்தில் 'தூசி துடைத்தது' என்று எழுதிக்கொண்டார். வீட்டைச் சுத்தமாக வைத்தது குற்றமாகிவிட்டது.

என் போனை எடுத்து அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினேன். வீட்டு வைஃபையில் போனிலும் நெட் வரவில்லை. "பாருங்க, போன்லயும் வரல. அப்போ கம்ப்யூட்டர் மேல தப்பில்ல. ரௌட்டர்ல சிவப்பு லைட் எரியுது. வெளியதான் எங்கியோ போச்சு" என்றேன்.

"ஒன்னொன்னா போவணும். முடிவுக்குத் தாவக் கூடாது."

"நான் தாவலங்க, நடந்தே வந்துட்டேன்."

ஒன்றொன்றாகவே போனார். கம்ப்யூட்டரின் பின்னாலிருந்த வயரைப் பிடுங்கினார், வாயால் ஊதினார், திரும்பச் சொருகினார். க்ளிக் என்று சத்தம் வந்ததா என்று என்னையும் கேட்டார். கம்ப்யூட்டரை அணைத்தார். ரௌட்டரை அணைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணினார். முதலில் ரௌட்டர், அப்புறம் கம்ப்யூட்டர் என்று வரிசையாகப் போட்டார். கம்ப்யூட்டரிலேயே கோளாறு கண்டுபிடிக்கும் ஒன்று இருக்கிறதே, அதையும் ஓட விட்டார். அது பச்சைக் கோட்டை இழுத்து இழுத்துக் காட்டிவிட்டு, கோளாறு என்னவென்று தெரியவில்லை என்று கைவிரித்தது. அதற்கும் ஒரு கோடு நோட்டில்.

பிறகு மல்டிமீட்டரைக் கொண்டுவந்து ரௌட்டருக்குப் போகும் கரண்டை அளந்தார். "பன்னெண்டு வோல்ட் கரெக்டா வருது!" என்று அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"வோல்ட்ட வச்சிகினு நான் இன்னா ஊறுகா போடறதா? மணி பத்து!"

நான் கேபிள்காரருக்குப் போன் போட்டேன். எங்கள் ஏரியாவில் டிவி, நெட் ரெண்டுமே அவர்தான். நாலாவது தடவை எடுத்தார். எடுத்ததும், "மாடிப்படி கீழ பாக்ஸ் இருக்குதில்ல, அதுல லைட்டு எரியுதா பாருக்கா. அதுக்குக் கரண்ட் இல்லன்னா நாலு வூட்டுக்கும் நெட் வராது" என்றார். அரை மணி நேரமாக நாலு கட்டம் போட்டும் கிடைக்காதது அரை நிமிஷத்தில் கிடைத்தது. நான் என் கணவரை ஒரு பார்வை பார்த்தேன். அவர் நோட்டை மூடினார்.

வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில் எங்களுடையது நாலு போர்ஷன் வீடு. கீழே ரெண்டு, மேலே ரெண்டு. ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மீட்டர். மாடிப்படி லைட், தண்ணீர் மோட்டார், இந்த நெட் பாக்ஸ் மூன்றுக்கும் சேர்த்து ஒரு பொது மீட்டர். அதனால்தான் வீட்டுக்குள் எல்லாம் எரிந்துகொண்டே நெட் மட்டும் போயிருக்கிறது. போய்ப் பார்த்தோம். பாக்ஸ் இருட்டாகக் கிடந்தது. பொது மீட்டரின் பழைய இரும்பு மெயின் ஸ்விட்சில் கைப்பிடியைக் கீழே இறக்கி யாரோ அணைத்திருந்தார்கள். அவ்வளவுதானே, மேலே தள்ளினால் முடிந்தது என்று கையை நீட்டினேன்.

கைப்பிடியின் ஓட்டையில் ஒரு சிவப்புப் பூட்டு. பூட்டில் ஒரு அட்டை. அட்டையில் பக்கத்து போர்ஷன் தம்பியின் போட்டோ.

அந்தத் தம்பியும் அவன் மனைவியும் விருதுநகர் பக்கத்துக்காரர்கள். குடிவந்து ஆறு மாதம் இருக்கும். அவன் வேறொரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். அந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட். விடியற்காலை ஐந்தே காலுக்குக் கம்பெனி பஸ் ஏறிவிட்டால் மதியம் மூன்றுக்குத்தான் முகத்தைப் பார்க்கலாம். இந்தப் பூட்டும் அட்டையும் கம்பெனியில் கொடுப்பது. மெஷினுக்குள் கை வைக்கிறவன் முதலில் கரண்டை அணைத்துத் தன் பூட்டைப் போடுவான், தன் போட்டோ போட்ட அட்டையை மாட்டுவான், சாவியைத் தன் பாக்கெட்டில் வைப்பான். பூட்டியவன் வந்து திறக்கும்வரை முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. அட்டையில் பெரிதாக அச்சடித்திருந்தது: 'இயக்காதே. இதில் என் உயிர் இருக்கிறது.' கீழே பெயர், தேதி, கையெழுத்து. காரணம் என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை.

எனக்குக் காரணம் தெரியும் என்று நினைத்தேன். முந்தின ஞாயிற்றுக்கிழமை நாலு வீட்டுக்கும் மோட்டார் சண்டை. யாரோ போட்ட மோட்டாரை அணைக்க மறந்து, தொட்டி வழிந்து, மாடிப்படியெல்லாம் தண்ணீர். யார் போட்டது, யார் அணைக்கவில்லை என்று ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டோம். அதில் அதிகம் கத்தியது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. 'ஓகோ, என் வாய்க்குப் பயந்து மோட்டாருக்குப் பூட்டா?' என்று எனக்கு ஏறியது.

அவன் மனைவி மோட்டார் பக்கத்தில் துணி ஊற வைத்துக்கொண்டிருந்தாள். மெலிந்த பெண், எப்போதும் சிரித்த முகம். "ஏம்மா, வூட்டுக்காரரு இன்னாத்துக்குப் பூட்டிகினு போயிருக்காரு?" என்றேன்.

"எனக்குத் தெரியாதேக்கா. நான் எந்திரிக்கயிலயே அவுக கெளம்பிட்டாக. தண்ணி வழியுதுன்னு அன்னைக்குச் சண்ட வந்துச்சுல்ல, அதுக்குத்தான் பூட்டிருப்பாக."

போன் போட்டால் அடிக்கிறது, எடுக்கவில்லை. எப்படி எடுப்பான்? கேமரா போனை உள்ளே விட மாட்டார்கள். கேட்டிலேயே வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள்.

மணி பத்து பத்து. நான் என் கணவரைப் பார்த்தேன். அவருடைய டூல் பாக்ஸில் இல்லாத சாமான் இல்லை. "ஒடைங்க" என்றேன்.

"முடியாது."

"இன்னா முடியாது?"

"அந்தப் பூட்ட நான் தொட மாட்டேன்."

நெருப்பை மிதித்த மாதிரி ரெண்டடி பின்னால் போய் நின்றுகொண்டு சொன்னார். எனக்குத் தலைக்கு மேல் போய்விட்டது. பதினெட்டு வருஷம் மெயின்டெனன்ஸில் குப்பை கொட்டிய மனிதர், பொண்டாட்டிக்காக ஒரு பூட்டை உடைக்க மாட்டேன் என்கிறார்!

"இது உங்க கம்பெனி இல்ல. தண்ணி மோட்டாரு. ஒடைச்சிட்டு சாயங்காலம் புதுசு வாங்கிக் குடுத்துடலாம்."

"பழைய கம்பெனியில ஒருத்தன் பூட்ட இன்னொருத்தன் ஒடைச்சான். லைன் நிக்குதுன்னு அவசரம். உள்ள கை வச்சிருந்தவனுக்குக் கை போச்சு. நான்தான் வண்டியில ஏத்துனேன்."

"அது தகடு அமுக்கற பிரஸ் மெஷின். இது மோட்டாரு."

"பூட்டு பூட்டுதான். போட்டவன கண்ணால பாக்கணும், அவன் வாயால சொல்லணும். நான் போய்ப் பாத்துட்டு சாவி வாங்கினு வரேன்."

"பதினோரு மணிக்கு எனக்கு இன்டர்வியூங்க!"

"அதுக்குள்ள வந்துடுவேன்."

பைக்கை எடுத்துக்கொண்டு போயே விட்டார். ஹெல்மெட் போட்டு, கிளிப் மாட்டி, நிதானமாக. அந்த நிதானத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்கு அந்தப் பூட்டையே கட்டிக்கொண்டிருக்கலாம் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வீட்டுக்குள் போய் என் போன் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் சுவரை ஒட்டி ஒரு பெரிய தகர கோடவுன். அதனால் கீழ் வீட்டில் சிக்னல் ஒரு கோடுதான் வரும். மொட்டை மாடிக்குப் போனால் நன்றாக வரும். ஆனால் கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியுமா? கேமராவைச் சரிபார்க்கும் பக்கம் திறந்தது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. என் முகம் ஒரு தடவை வந்தது. வாய் கோணி, கண் பாதி மூடி அப்படியே உறைந்து நின்றது. இந்த மூஞ்சியைப் பார்த்து யார் வேலை கொடுப்பார்கள்?

பத்து முப்பத்தைந்து. அவர் வரவில்லை. போன் அடித்தால், வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார்; அதிலும் ஒழுங்கு. நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு டூல் பாக்ஸைத் திறந்தேன். இரும்பு அறுக்கிற ஹேக்சா பிளேடு கிடைத்தது. அதன் சட்டம் எங்கே என்று தேட நேரமில்லை. பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போனேன்.

அறுக்க ஆரம்பித்தேன். அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை நுழையாது என்பார்கள். பிளேடு வழுக்குகிறது, பூட்டு ஆடுகிறது, அட்டை நடுவில் வந்து விழுகிறது. அட்டையிலிருந்து அந்தத் தம்பி என்னையே பார்க்கிறான். அட்டையைத் திருப்பிவிட்டு அறுத்தேன்.

"அறுத்துப் போடுங்கக்கா. அவுககிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள் அவன் மனைவி. சொன்னதோடு நிற்கவில்லை. பூட்டு ஆடுவதைப் பார்த்துவிட்டு, சோப்பு நுரை வழியும் கையோடு ஓடிவந்து, ஆடாமல் பிடித்துக்கொண்டாள். இன்டர்வியூ என்றதும் அவளுக்கும் பரபரப்பு. "நீங்க வேலைக்குப் போனா எனக்கும் ஒன்னு பாத்துச் சொல்லுங்கக்கா. சும்மா ஒக்காந்து ஒக்காந்து பைத்தியம் பிடிக்குது" என்றாள். கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றேன். ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே அறுத்தோம். பூட்டின் வளையத்தில் பாதிக்கு மேல் பிளேடு இறங்கிவிட்டது. இன்னும் அஞ்சு நிமிஷம், அவ்வளவுதான். அவள் துணி அலசப் போனாள்.

போன் அடித்தது. என் கணவர். ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைத்துவிட்டு அறுத்துக்கொண்டே, "சாவி கெடைச்சிச்சா?" என்றேன்.

"அவனாண்டயே குடுக்கறேன், பேசு."

கேட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். தம்பியின் குரல் மூச்சு வாங்கியது. "அக்கா, அந்த ஸ்விட்ச மட்டும் தொட்றாதீக. மோட்டாருக்குப் போற வயர எலி கடிச்சு வச்சிருக்கு. பைப்புல கரண்ட் பாயுதுக்கா. விடியக்காலம் மூஞ்சி கழுவ பைப்பத் தொட்டேன், தூக்கி எறிஞ்சிருச்சு. அதான் மெயின அமத்திப் பூட்டிட்டு வந்தேன். சாயங்காலம் வந்து மாத்திக்கிடலாம்னு."

என் கை நின்றது. "ஏன்ப்பா அட்டையில எழுதல? யாருக்கும் சொல்லல?"

"பஸ்காரன் ஆரன் அடிச்சிட்டான்க்கா. பூட்டு போட்டா யாரும் தொட மாட்டாகன்னு நெனச்சேன்." அப்புறம் குரல் மாறியது. "அக்கா, அவ எங்கக்கா? தூங்குறாளேன்னு எழுப்பாம வந்துட்டேன். பைப்புகிட்ட போகாம பாத்துக்கோங்கக்கா."

அவன் சொல்வது எனக்குப் புரிந்தது. கம்பெனியில் பூட்டைப் பார்த்தாலே போதும். ஆயிரம் பேர் ஒதுங்கிப் போவார்கள். யாரும் காரணம் கேட்பதில்லை. அதே நம்பிக்கையில் வீட்டிலும் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். வீட்டில் என்னைப் போல் ஒருத்தி பிளேடோடு நிற்பாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

திரும்பிப் பார்த்தேன். அவள் அந்த இரும்புப் பைப்பைத்தான் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, குனிந்து துணி அலசிக்கொண்டிருந்தாள். காலைச் சுற்றித் தண்ணீர். புடவை முழங்கால்வரை ஈரம். தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

ஸ்விட்ச் இன்னும் கீழேதான் இருந்தது. அவளுக்கு அந்த நிமிஷம் ஓர் ஆபத்தும் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும், "கைய எடுடீ!" என்று நான் போட்ட சத்தத்தில் மாடியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். போய் அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். அவள் என்னக்கா என்னக்கா என்று கேட்கிறாள், என் வாயில் பேச்சு வரவில்லை. என் வாயில் பேச்சு வரவில்லை என்று சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். அஞ்சு நிமிஷம். அந்தப் போன் அஞ்சு நிமிஷம் கழித்து வந்திருந்தால் நான் கைப்பிடியை மேலே தள்ளிவிட்டு, சந்தோஷமாக வீட்டுக்குள் ஓடியிருப்பேன். பின்னால் என்ன நடந்தது என்றுகூடத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. வேறென்ன சொல்ல?

போனில் என் கணவர், "சாவி வாங்கிட்டேன். ஆனா வந்ததும் மெயின போட முடியாது. மோட்டார் வயர மொதல்ல கழட்டணும், அரை மணி ஆவும். நீ மாடிக்குப் போய் போன்லயே பேசு" என்றார். பத்து ஐம்பத்திரண்டு. அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சோப்புக் கையோடு என்னைப் பார்த்தபடி நின்றாள். "நீங்க போங்கக்கா, மணி ஆச்சு" என்று அவள்தான் என்னை மாடிக்குத் தள்ளினாள்.

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், சரியாகப் பதினொரு மணிக்குப் போனில் சேர்ந்தேன். ஒரு பெண் குரல். "கேமரா போடலையா?" என்றார். வீட்டு நெட் வரவில்லை, போனில்தான் பேசுகிறேன், வீடியோ நிற்கிறது என்றேன். அந்தப் பக்கம் பேனா ஒரு தடவை கீறியது. ஒரு கட்டத்தில் ஏதோ பெருக்கல் குறி விழுந்திருக்கும் என்று எனக்கே கேட்டது.

பழைய வேலையைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். கோபமாகப் பேசும் டிரைவரை எப்படிச் சமாளிப்பீர்கள் என்றார். நானே கோபக்காரி மேடம், எனக்கு அவர்களைப் புரியும் என்றேன். அவர் சிரித்த மாதிரி இருந்தது. அடுத்து, "அவசரத்துல நீங்க எடுத்த தப்பான முடிவு ஒன்னு சொல்லுங்க" என்றார்.

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரமாகப் பதில் தயார் செய்திருந்தேன். பழைய கம்பெனியில் லேபிள் மாற்றி ஒட்டியதையும், அதை நானே கண்டுபிடித்ததையும் கண்ணாடி முன்னால் நின்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். அதை ஆரம்பிக்க வாயைத் திறந்தேன்.

"கால் மணி நேரம் முன்னாடி மேடம்" என்று வந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டு, அட்டை, அறுத்தது, நுரைக் கையோடு அவள் வந்து பிடித்துக்கொண்டது, எலி கடித்த வயர். எவ்வளவோ அடக்கியும் குரல் உடைந்துவிட்டது. இன்டர்வியூவில் அழக் கூடாது என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். நான் மூக்கைச் சிந்தி அழுதேன். போயேபோச்சு, இதற்கு மேல் இந்த வேலை இல்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது, பத்து நாள் கழித்து. அதற்குள் வீட்டு நெட்டைத் தனியாக ஒரு நாள் பரிசோதித்தார்கள். எது பிடித்துக் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் கணவர் அன்று திரும்பி வந்து பாதி அறுந்த பூட்டைக் கையில் பிடித்து, வளையத்தில் விரலை வைத்துப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பூட்டை அப்படியே விட்டுவிட்டுப் போய் மோட்டார் வயரைக் கழற்றினார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. மாடியில் நான் அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். போன் கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன். ஆகவில்லை. அப்புறம் அந்த மேடம், இன்டர்வியூ எடுக்கிறவர் குரலில் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரி மாதிரி மெதுவாகக் கேட்டார்:

"அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கு?"

கைப்பிடிச் சுவருக்குப் போய் எட்டிப் பார்த்தேன். பைப்பிலிருந்து தள்ளி, வாசலில், மேல் வீட்டிலிருந்து வாங்கிய ரெண்டு பக்கெட் தண்ணீரை வைத்துக்கொண்டு அவள் மிச்சத் துணியைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"கீழ துணி தொவைக்கிறா மேடம்."

அவர் நம்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எனக்கே அந்தத் துணி அடிக்கிற சத்தத்தை இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலவும் இருந்தது. போனைச் சுவருக்கு வெளியே, கை எட்டுகிற மட்டும் கீழே நீட்டிப் பிடித்தேன்.

"கேக்குதா மேடம்?" என்றேன்.